இழப்பீட்டு இருக்கையில் எவர் அமர்வது?

உழைப்பவன் கை ஒடிந்தால் அவன் அலறுவது தாய்மொழியில். அக் கைக்கு விலை எழுதும் சட்டம் பேசுவதோ அயன்மொழியில். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இருக்கை இருக்கிறது. அவ்விருக்கையில் அமர்ந்து, இருபக்க வழக்கையும் கேட்டு, இவனுக்கு இவ்வளவு எனத் தீர்ப்பவரே தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். அவர் எவர்? எங்கே அமர்கிறார்? எம்மொழியில் கேட்கிறார்? எம்மொழியில் எழுதுகிறார்? இவை அலுவலகத்துச் சிறு செய்திகள் அல்ல. ஊறுபட்ட ஒவ்வொருவனின் வீட்டு உலையும் இவற்றை நம்பியே எரிகிறது.

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என நீளும் ஆலைத் தொடருக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. 1998இல் உண்டாய்ச் சீருந்து ஆலை வந்தது. 2007இல் சாம்சங் வந்தது. 2010இல் இரெனால்ட்-நிசான், 2012இல் தைம்லர் என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. ஏரும் எருதும் சென்ற நிலத்தில் இன்று பொறிகள் உறுமுகின்றன. பொறி உறுமும் இடத்தில் விரல் போகும், கண் போகும், சிலவேளை உயிரும் போகும். 2010ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் பொறியில் சிக்கி மாண்டாள். அவ்வாலையே 2014 நவம்பரில் கதவடைத்துக்கொண்டது. ஆலைகள் வரும், போகும். போன உயிரும் போன கையும் மீளா.

இத் தொடரில் இன்னொரு வகை உழைப்பாளரும் உளர். வண்ணம் பூசும் கூடத்தில் தீப்பற்றினால் எல்லாரும் வெளியே ஓடுவர். உள்ளே ஓடுபவன் தீயணைப்பாளன் ஒருவனே. நள்ளிரவில் ஆலை வாயிலில் ஒற்றை ஆளாய் நிற்பவன் ஒப்பந்தக்காரன் அனுப்பிய காவலாளி. பிறரைக் காப்பதே இவர்கள் தொழில். இவர்களைக் காப்பவர் எவர்? 2012 சனவரியில் சென்னை எழிலக வளாகத்தில் தீப்பற்றியபோது ஒரு தீயணைப்பாளர் மாண்டார். பெண் அலுவலர் ஒருவர் கடுந்தீப்புண் உற்றார். 2017 சூலையில் கொடுங்கையூர் அடுமனைத் தீ ஒரு தீயணைப்பாளரைப் பலிகொண்டது. 2020 நவம்பரில் மதுரைத் துணிக்கடைத் தீயின்போது கட்டடம் இடிந்து இருவர் மாண்டனர். மாண்டவர்க்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. ஒரு தொகையும் அறிவிக்கப்படுகிறது. மாளாமல், முடங்கி, வீட்டுத் திண்ணையில் கிடப்பவனுக்கு மலருமில்லை, அறிவிப்புமில்லை.

ஆட்சியாளர் அறிவிக்கும் தொகை அருட்கொடை. சட்டம் தரும் இழப்பீடோ உரிமை. கொடையைக் கொடுப்பவன் கூட்டலாம், குறைக்கலாம், மறக்கலாம். உரிமையை அவ்வாறு செய்ய இயலாது. ஆயினும் உரிமை கைக்கு வர, அதைக் கேட்டுத் தீர்க்கும் ஒருவர் வேண்டும். அவரை அமர்த்துவதில்தான் வழக்கின் முடிவே அடங்கியிருக்கிறது.

அந்த ஒரே வாயில்

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில், இந்தியாவிலேயே முதன்முறையாக, உழைப்பாளர் நாளைக் கொண்டாடினார். அதே ஆண்டில்தான் வெள்ளையர் ஆட்சி தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. செருமனி 1884இலும் பிரித்தானியா 1897இலும் கண்டுவிட்ட சட்டம், அடிமை நாட்டுக்கு 1924 சூலை முதல் நாளன்று வந்துசேர்ந்தது. தீயணைப்புப் படையில் பணியாற்றுவோர் அதன் பட்டியலில் பெயர்சுட்டியே சேர்க்கப்பட்டனர். ஒப்பந்தக்காரனின் ஆள் அடிபட்டாலும் வேலையை ஒப்படைத்த முதன்மை உரிமையாளன் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொணர்ந்த 2020ஆம் ஆண்டுக் குமுகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அப் பழஞ்சட்டத்தையும் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. வீட்டிலிருந்து பணிக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் இடரைப் பணியோடு தொடர்புடையதாயின் கணக்கில் கொள்வது அதில் உள்ள ஒரு நன்மை. ஆலைப் பேருந்துகள் இருளில் ஓடும் ஒரகடச் சாலைக்கு அது வேண்டியதே. ஆணையர் என்னும் பெயர் போய்த் ‘தகுதியுடைய அலுவலர்’ என்னும் பெயர் வந்தது. பெயர் எதுவாயினும், இன்ன பரப்புக்கு இன்னார் என அறிவித்து அவரை அமர்த்தும் உரிமை அன்றும் மாநில அரசிடம் இருந்தது. இன்றும் மாநில அரசிடமே இருக்கிறது. எனவே இவ்வொன்றில் தில்லியைக் கைகாட்டித் தப்ப வழியில்லை. கோட்டையில் அமர்ந்திருப்போரே விடை சொல்ல வேண்டும்.

இவ்விருக்கையின் வலிமையைத் தொழிலாளர் பலர் அறியார். இதன் எல்லைக்குட்பட்ட வழக்கை உரிமையியல் மன்றம் தொடவியலாது. மேல்முறையீடு உயர்முறை மன்றத்துக்குத்தான். அதுவும் சட்டம் பற்றிய பெருங்கேள்வி இருந்தாலன்றி இல்லை. கை எப்படிப் போயிற்று, பொறிக்குத் தடுப்பு இருந்ததா, அவன் அன்று பணியில் இருந்தானா என்னும் மெய்ச் செய்திகளை ஆய்ந்து முடிவுசெய்பவர் இவர் ஒருவரே. இவர் முன் சொல்லத் தவறியதை வேறெங்கும் சொல்லவியலாது. ஏழைத் தொழிலாளிக்கு முதல் வாயிலும் இதுவே. பெரும்பாலும் கடைசி வாயிலும் இதுவே.

ஒரு சொல்லின் விலை

இவ்வாயிலில் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். முப்பது அகவைத் தீயணைப்பாளன் ஒருவன் வலக்கைப் பெருவிரலை இழந்தான் எனக் கொள்க. 2020 சனவரியில் ஒன்றிய அரசு வகுத்த வரம்பின்படி, அவன் எவ்வளவு ஊதியம் பெற்றாலும் 15,000 உரூபாவுக்கு மேல் கணக்கில் வராது. அதில் 60 விழுக்காடு 9,000 உரூபா. முப்பது அகவைக்குரிய பெருக்கெண் 207.98. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது 18,71,820 உரூபா; இது முழுமையான, நிலையான முடக்கத்துக்குரிய தொகை. பெருவிரல் இழப்புக்குச் சட்டப் பட்டியல் கூறும் அளவு 30 விழுக்காடு. அதன்படி கிடைப்பது 5,61,546 உரூபா.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. பெருவிரல் இல்லாதவன் நீர்க்குழாயின் முனையை இறுகப் பற்ற முடியுமா? ஏணியில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா? முடியாதெனில் அவன் தன் தொழிலுக்கு முற்றும் முடங்கியவன் அல்லனோ? 1968இல் கட்டட வேலையில் விழுந்து இடக்கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இது முழு முடக்கமே என்று ஆணையர் கொண்டார். 1975 திசம்பரில் உச்சமுறை மன்றம் அம்முடிவே சரியென்றது. தொழிலின் தன்மையை அறிந்த ஓர் ஆணையர் அங்கே இருந்தார், தச்சர் பிழைத்தார். அறியாதவர் இருந்திருந்தால்? பட்டியலைப் புரட்டி, விழுக்காட்டைப் போட்டு, வழக்கை மூடியிருப்பார். பதின்மூன்று இலக்கம் உரூபாவுக்கு மேற்பட்ட வேறுபாடு ஓர் அலுவலரின் கேட்கும் செவியில் இருக்கிறது.

திங்களுக்கு 21,000 உரூபா வரை பெறும் ஆலைத் தொழிலாளர்க்கு, 2017 சனவரி முதல் அமைந்த வரம்பின்படி, ஈட்டுறுதிக் கழகமும் அதன் மருத்துவக் குழுவும் உண்டு. அவர்கள் ஆணையரிடம் இழப்பீடு கோரவியலாது. அவ்வரம்பைக் கடந்தவரும், அத் திட்டத்துக்கு வெளியே நிற்பவருமே ஆணையரிடம் வருகின்றனர். இங்குள்ள முரணைப் பாருங்கள்! 21,000க்கு மேல் பெறுகிறாய் என்று ஒரு கதவு சாத்தப்படுகிறது. மறு கதவுக்குச் சென்றால், உன் ஊதியம் 15,000 என்று எழுதப்படுகிறது. உழைப்பாளியின் ஊதியம் வாயிலுக்கு வாயில் மாறும் வியப்பு இந்நாட்டுச் சட்டத்துக்கே உரியது.

இன்னொரு செய்தி. ஊறுபட்டவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் தொழில் உலகுக்குப் புதிதன்று. 1923ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் எண்ணிப் பார்த்திருந்தது. அத்தகைய உடன்பாடு ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாதென்றோ ஏமாற்றிப் பெற்றதென்றோ கண்டால் அவர் பதிய மறுக்கலாம் என்றது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் தமிழன் இட்ட கையொப்பம் தெரிந்து இட்டதா, தெரியாமல் இட்டதா என்று ஆய்வதற்கு, அவனை அவன் மொழியிலேயே உசாவ வேண்டாவா? ‘இத்தாளில் என்ன எழுதியிருக்கிறது, சொல்’ என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டால் போதுமே! பாதிச் சூழ்ச்சி அங்கேயே வெளுத்துவிடும்.

அமர்பவர் எவர்?

தமிழகத்தில் இவ்விருக்கை நெடுங்காலமாகத் தொழிலாளர் துறை அலுவலரின் கூடுதற் பொறுப்பாகவே இருந்துவருகிறது. வேலைநிறுத்தத்தில் இணக்கம் காண்பவரும் அத்துறையினரே. கூலிக் குறைவு வழக்கைக் கேட்பவரும் அத்துறையினரே. இழப்பீட்டு வழக்கைத் தீர்ப்பவரும் அத்துறையினரே. 2024 செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது துறையின் கண்ணெல்லாம் அப் பேச்சு மேசைமேல் இருந்தது. அத்தகைய நாள்களில் விரலிழந்தவனின் கட்டு எந்த அலமாரியில் உறங்கும்? ஆணையர் மூன்று திங்களுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டளையிட்டது. பத்து வேலைக்கு ஓராளை வைத்துக்கொண்டு மூன்று திங்கள் என்று எழுதுவது ஏட்டுச் சுரைக்காயே அன்றோ?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தீயணைப்பாளன் ஊறுபட்டால் அவனுக்கு எதிர்நிற்பவர் ஆலை முதலாளி அல்லர், அரசே. அரசை எதிர்த்து அவன் தொடுக்கும் வழக்கை, அரசிடம் ஊதியம் பெற்று, அரசு மாற்றினால் மாறும் அலுவலர் ஒருவர் தீர்ப்பதென்றால், அவர் எத்துணை நல்லவராயினும் வழக்காடுபவன் நெஞ்சில் ஐயம் எழாதிருக்குமா? தராசு நேராயிருந்தால் மட்டும் போதாது. அதைப் பிடிக்கும் கை எதிரியின் கையாக இருத்தல் ஆகாது. இதற்கும் சட்டம் தடையாக இல்லை. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐந்தாண்டு முறைமன்றப் பணியில் இருந்தவரையும் ஐந்தாண்டு வழக்கறிஞராக இருந்தவரையும் அமர்த்தலாம். துறை அலுவலரையே அமர்த்த வேண்டும் என்று எவரும் அரசின் கையைக் கட்டிவைக்கவில்லை.

தகுதி பார்த்து அமர்த்துவது தமிழ் மண்ணுக்குப் புதிதா? இதே காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. ஊர் வாரியத்துக்கு வருபவன் 35 அகவைக்கு மேலும் 70 அகவைக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும்; கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவன் ஆகான்; கணக்குக் காட்டாதவன் ஆகான்; அவன் உறவினனும் ஆகான் என்று அக்கல் பேசுகிறது. அது பார்ப்பனர் ஊரவை. எல்லார்க்கும் அதில் இடமிருக்கவில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பொறுப்பில் அமர்பவனுக்குத் தகுதியும் தடையும் வகுத்து ஊரறியக் கல்லில் வெட்டிய அறிவு, ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின் வந்த அரசுக்கு ஏன் இல்லை?

மொழியை மறந்த தகுதி

அமர்த்தப்படுபவருக்குச் சட்டம் வகுத்த தகுதிகளில் முறைமன்றப் பணி உண்டு. வழக்கறிஞர் பணி உண்டு. ஆளாளுமைப் படிப்பும் பட்டறிவும் உண்டு. ஊறுபட்டவன் பேசும் மொழியை அவர் அறிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை! தமிழில் கேட்டுத் தமிழில் எழுதும் அலுவலர் இருப்பாராயின், அது அவர்தம் நல்லுள்ளம். தொழிலாளியின் உரிமை ஒருவரின் நல்லுள்ளத்தை நம்பி வாழலாகாது.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கீழமை முறைமன்றங்களில் சான்றுரை பதியவும் தீர்ப்பெழுதவும் தமிழே மொழியாக 1976இல் திருத்தம் வந்தது. கொலை வழக்கையும் நிலவழக்கையும் தமிழில் கேட்க முடியுமென்றால், போன விரலின் வழக்கைக் கேட்க முடியாதா? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாளில் திரு.வி.க. ஆலைத் தொழிலாளரிடம் அழகு தமிழில்தான் உரிமை பேசினார். தனித்தமிழ் தந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் ஒரகடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர் எனப் போற்றப்படுவது. மாலியக் கோயில்களின் திருவுலாவில் தமிழ்ப் பாசுரம் ஓதுவோர் இறைவனுக்கு முன்னே செல்வர். வடமொழி மறை ஓதுவோர் பின்னே வருவர். இறைவனுக்கு முன்னே நடக்கும் தமிழ், ஓர் அலுவலரின் மேசைமுன் தலைகுனிந்து நிற்பதா?

‘மேல்முறையீடு உயர்முறை மன்றத்துக்குப் போகிறது, அங்கே ஆங்கிலம், ஆகவே இங்கும் ஆங்கிலமே எளிது’ என்று சிலர் சொல்லக்கூடும். இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர்முறை மன்றங்களில் இந்திக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2006 திசம்பரில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் தமிழுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. மேலே இழைக்கப்பட்ட கொடுமையைக் காட்டிக் கீழேயும் அதையே இழைப்பது என்ன நயன்? மேல்முறையீடு செல்லும் சில வழக்குகளுக்கு அரசு தன் செலவில் மொழிபெயர்ப்பு இணைக்கட்டும். சிலவற்றின் வசதிக்காக எல்லாரின் வாயையும் அடைப்பது அறமன்று.

‘அயல்நாட்டு முதலாளிகள் ஓடிவிடுவர்’ என்பது அடுத்த அச்சுறுத்தல். தைம்லர் வந்தது செருமனியிலிருந்து. அந்நாட்டு மன்றங்களின் மொழி செருமானியம் என்பது சட்டம். உண்டாயும் சாம்சங்கும் வந்தன கொரியாவிலிருந்து. அந்நாட்டு மன்றங்களின் மொழி கொரிய மொழி என்பது சட்டம். தம் நாட்டில் தம் மொழியில் வழக்காடுவோர்க்குத் தமிழ்நாட்டில் தமிழில் வழக்காடுவது எப்படிக் கசக்கும்? கசப்பு அவர்களுக்கன்று. அவர்களுக்கு முன் கைகட்டி நிற்கும் நம்மவர் நாவில்தான் அது இருக்கிறது.

‘வடபுலத்துத் தொழிலாளரும் இங்கே உழைக்கின்றனரே, அவர்களுக்குத் தமிழ் தெரியாதே’ என்பது மூன்றாவது தடை. இதற்கு விடை எளிது. ஒடியனோ பீகாரியோ, ஊறுபட்டவன் தன் தாய்மொழியில் சொல்லட்டும். அரசு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தட்டும். ஆணையின் படி ஒன்று அவன் மொழியிலும் அவன் கைக்குச் செல்லட்டும். தன் மொழிக்கு உரிமை கேட்கும் தமிழன் பிறன் மொழியை மிதிக்கமாட்டான். குருதிக்கு மொழியில்லை, முறையீட்டுக்கு உண்டு.

வேண்டுவன ஐந்து

ஒன்று: திருப்பெரும்புதூர்-ஒரகடம் ஆலைப் பரப்புக்கென, வேறு பொறுப்பேதுமில்லாத முழுநேர இழப்பீட்டு அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். அவர் அப்பரப்புக்குள்ளேயே அமர வேண்டும்.

இரண்டு: தீயணைப்பாளர் முதலிய அரசுப் பணியாளர் வழக்கில், அரசுத் துறைக்குக் கட்டுப்படாத, முறைமன்றப் பட்டறிவுள்ள ஒருவரே தீர்க்க வேண்டும்.

மூன்று: தமிழில் கேட்கவும் எழுதவும் வல்லமை, அமர்த்தும் அறிவிப்பிலேயே தகுதியாக எழுதப்பட வேண்டும். சான்றுரையும் ஆணையும் தமிழில் அமைய வேண்டும். மருத்துவச் சான்றின் பொருளைத் தமிழில் எழுதி ஊறுபட்டவனுக்கு விலையின்றித் தர வேண்டும்.

நான்கு: சிறப்பறிவுடையோரைத் துணைக்கு அழைக்க 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையர்க்கு உரிமை தந்திருந்தது. அவ்வழியில் எலும்பு மருத்துவரும் பொறியறிந்த தொழிலாளியும் தீப்பணி அறிந்த மூத்தோரும் அவருடன் அமர வேண்டும்.

ஐந்து: எத்தனை வழக்கு வந்தது, எத்தனை மூன்று திங்களில் முடிந்தது, எத்தனை ஆணை தமிழில் எழுதப்பட்டது என்னும் கணக்கு காலாண்டுதோறும் ஊரறிய வெளியிடப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய ஆலை கட்ட வேண்டியதில்லை. அயல்நாடு சென்று கையேந்த வேண்டியதில்லை. தில்லியின் வாயிலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஓர் அறிவிப்பு, ஓர் இருக்கை, தமிழறிந்த, நடுவுநிலை பிறழாத ஒருவர். அவ்வளவே! மேடைதோறும் தமிழ் வாழ்க என முழங்கும் ஆட்சியாளர், அத்தமிழ் பேசும் உழைப்பாளி கையிழந்து வந்து நிற்கும்போது அவனைத் தமிழில் கேட்க ஓராளை அமர்த்தாவிடில், அம்முழக்கத்துக்கு என்ன பொருள்?

இழப்பீடு கோர 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது ஈராண்டு. அவ்வீராண்டும் மொழி தெரியாத தாள்களோடு அலைந்தே கழிந்தவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. இனியேனும் எண்ண வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வைக் கேட்கும் பட்டியலில் இதையும் முதல்வரியாகச் சேர்க்கட்டும். தமிழமைப்புகள் பெயர்ப்பலகைக்குத் தரும் கருத்தில் பாதியையேனும் இவ்விருக்கைக்குத் தரட்டும். தெருப்பலகையில் தமிழ் இருந்து, தீர்ப்பில் தமிழ் இல்லையெனின், அது வாயிலில் கோலமிட்டு அடுப்படியில் பட்டினி கிடப்பதற்கு ஒப்பாகும்.

தீயில் இறங்குபவனுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. அக்கடனை அவன் மொழியிலேயே கணக்கிட்டுத் தீர்க்கட்டும்!